சாணத்தைப் பார்க்காமல் சொல்லும் காரணங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் ஒரு கறவை மாடு நன்றாகத் தீனி எடுத்தும் இளைத்துக்கொண்டே போனால், வளர்ப்பவர் ஆலைத் தண்ணீரைக் குறை சொல்வார். கால்நடை மருத்துவர்களான நாம் குடற்புழு என்போம். ஏரியும் நெல்வயலுமாக உள்ள பகுதியில் தட்டைப்புழு கழிச்சலையும் தாடைக்கடியில் நீர்வீக்கத்தையும் தரும் என்பதால் அது தவறான யூகமும் அல்ல. மருந்து புகட்டுகிறோம். சில நாள் சாணம் கெட்டிப்படும், பிறகு மறுபடி தண்ணீராகும். அடுத்த முறை நாம் போவதற்குள் மாடு தரகர் கைக்கு மாறியிருக்கும். அதற்கு ஜோனீஸ் நோய் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாமலே போகும். வாங்கிய ஊரின் கன்றுகளுக்கு மட்டும் பிறகு தெரியவரும்.

1895இல் ஜோனேயும் ஃப்ராதிங்ஹாமும் விவரித்த இந்நோயின் கிருமி, மைக்கோபாக்டீரியம் ஏவியம் பாராடியூபர்குலோசிஸ். சுருக்கமாக மேப். சாணம் பட்ட மடி, சீம்பால், பால் வழியே கன்றுப் பருவத்திலேயே உள்ளே புகுந்துவிடுகிறது. அறிகுறி தெரிய மாட்டில் 2 முதல் 5 ஆண்டுகள் வரை ஆகலாம். அதற்கு முன்பே சாணத்தில் கிருமி வெளியேறத் தொடங்கிவிடுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் சென்னைச் சிவப்பு போன்ற செம்மறிகளில் இன்னும் சங்கடம்: ஆட்டில் பல நேரம் கழிச்சலே இருக்காது, வெறும் மெலிவுதான். மெலிந்த ஆட்டுக்கு யார் ஆய்வகம் தேடிப்போகிறார்கள்?

மனிதருக்கு வரும் கிரோன் குடல்நோயோடு இக்கிருமிக்குத் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. கிளாஸ்கோவில் டால்சியல் 1913இலேயே, தான் அறுவை செய்த குடல்களுக்கும் ஜோனீஸ் கண்ட மாட்டுக் குடலுக்கும் உள்ள ஒற்றுமையை எழுதினார். 1984இல் சியோடினி குழு கிரோன் நோயாளிகளின் குடல் திசுவிலிருந்து மேப்பை வளர்த்துக் காட்டியது. 2004இல் நாசர் குழு நோயாளிகளின் ரத்தத்திலும் அதைக் கண்டது. ஆனால் 213 பேரிடம் இரண்டாண்டு கிளாரித்ரோமைசின், ரிஃபாபுட்டின், கிளோஃபசிமின் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு (2007) நீடித்த பலன் இல்லை என்றது. பதினாறாவது வாரத்தில் தென்பட்ட முன்னேற்றம் நிலைக்கவில்லை. சேர்க்கப்பட்டவர்களுக்கு மேப் தொற்று இருந்ததா என்று பார்த்துச் சேர்க்கவில்லை என்பது அந்த ஆய்வின் மீதான நியாயமான விமர்சனம். தொடர்பு பலமுறை காணப்பட்டிருக்கிறது. காரணம் என்று நிறுவப்படவில்லை. புண்பட்ட குடலில் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட கிருமியாகவும் இருக்கலாம். குடல் காசநோயையும் கிரோனையும் பிரித்தறியவே மருத்துவர்கள் திணறும் நம் நாட்டில் இது இன்னும் சிக்கல்.

காசநோய் இனக் கிருமிகள் பற்றிய அறிவில் திருவள்ளூருக்கு ஒரு பழைய பங்கு உண்டு. செங்கல்பட்டு ஆய்வு என்று உலகம் அழைக்கும் பிசிஜி ஆய்வு 1968இல் இப்பகுதியில்தான் தொடங்கியது. 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போட்டுப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு அது பாதுகாப்புத் தரவில்லை. சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று, மண்ணிலும் நீரிலும் உள்ள பிற மைக்கோபாக்டீரியாக்களோடு இம்மக்களின் உடல் ஏற்கெனவே பழகியிருந்தது என்பது. மேப்பும் ஏவியம் கூட்டத்தைச் சேர்ந்ததே. மனிதரை இத்தனை நுணுக்கமாக எண்ணிய அந்த ஊர்களின் தொழுவங்களையும் அதே அக்கறையோடு எண்ண வேண்டிய பொறுப்பு நம் துறையுடையது.

வேலூர் சிஎம்சியின் 940 காசநோய் மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வந்த கட்டுரை இன்னொரு எச்சரிக்கை. கால்நடைவழிக் காசநோய் என்றதும் நாம் சொல்லும் மைக்கோபாக்டீரியம் போவிஸ் ஒன்றில்கூட இல்லை. மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ் ஏழில் இருந்தது. பாடப்புத்தகத்துக் கிருமியைத் தேடினால் உள்ளூர்க் கிருமி தப்பிவிடும். மேப்பிலும் அப்படித்தான். மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய ஆடு ஆராய்ச்சி நிறுவனம் ‘இந்தியன் பைசன்’ வகையைப் பிரித்தறிந்து, அதைக்கொண்டே தடுப்பூசியும் உருவாக்கியது.

பாலைப் பற்றி வீண் பீதி வேண்டாம். பாஸ்சுரைஸ் செய்த பாலில் சில கிருமிகள் பிழைத்திருப்பதாக அயல்நாட்டு ஆய்வுகள் சொன்னாலும், நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் பெரும்பாலும் யாரும் குடிப்பதில்லை. கவனிக்க வேண்டியது சாணமும் கன்றுக் கொட்டிலும் குட்டைத் தண்ணீரும். நிழலில் உலர்ந்த மண்ணில் மேப் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கிறது. தொழுவத்தை வெறுங்கையால் கூட்டும் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்து எந்த ஆய்வும் தீவிரமாகக் கேட்டதில்லை என்பது என் வருத்தம்.

ஆகவே களத்தில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புழு மருந்துக்கு மசியாத கழிச்சல் இரண்டாம் முறை வந்தால், மலக்குடலின் உட்சவ்வை மெல்லச் சுரண்டி ஸ்லைடில் தடவி, சீல்-நீல்சன் சாயமிட்டுப் பாருங்கள். கொத்துக்கொத்தாகச் சிவந்த குறுங்கோல்கள் தெரிந்தால் சந்தேகம் வலுத்துவிடும். தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். வளர்ப்புச் சோதனை மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் சாணத்தையும் சீரத்தையும் பிசிஆர், எலிசாவுக்காக மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவு வழியே அனுப்புங்கள். கூடவே மாடு எங்கிருந்து வாங்கப்பட்டது, எந்த நீர்நிலையில் குடிக்கிறது, அருகில் ஆலை உண்டா என்பதையும் குறித்து அனுப்புங்கள். ஆலைக் கழிவுதான் காரணம் என்றால் அதுவும் அப்போதுதான் நிரூபணமாகும். முடிவு வரும்வரை அந்த மாட்டை விற்க வேண்டாம், கன்றைத் தனியே கட்டுங்கள் என்று வளர்ப்பவரிடம் சொல்லுங்கள்.

விற்காமல் வைத்திருப்பவருக்கு இழப்பீடு தர வழி செய்யாதவரை இந்தக் கடைசி அறிவுரையை யாரும் கேட்கப்போவதில்லை. அதைச் செய்ய வேண்டியது அரசு.