முதல் சம்பளம், முதல் கார்டு: லவுஞ்ச் இட்லியா, கையில் காசா?

பிளேஸ்மென்ட் ஆஃபர் லெட்டர் வந்த மறுவாரமே எங்க கிளாஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு புதுச் சண்டை ஆரம்பிச்சுது. கேஷ்பேக் கார்டா, டிராவல் கார்டா? இன்னும் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கல. பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் கைடு சைன் போடல. அதுக்குள்ள ஒருத்தன் "மச்சான், ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீடா"ன்னு ரீல்ஸ் அனுப்புறான். இன்னொருத்தி "ஆன்லைன்ல 5% கேஷ்பேக்"ன்னு ஸ்கிரீன்ஷாட் போடுறா.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். வேலைக்குப் போற முதல் வருஷத்துக்கு ஆண்டுக் கட்டணம் இல்லாத கேஷ்பேக் கார்டு போதும். டிராவல் கார்டு நமக்கு இப்போ வேண்டாம். ஒத்துக்கலைன்னா அடுத்த இதழில் திட்டி எழுதுங்க, ஆனா முழுசா படிச்சுட்டு.

ரெண்டுக்கும் வித்தியாசம் சிம்பிள். கேஷ்பேக் கார்டில் செலவு பண்ணினதில் ஒரு சதவீதம் பணமாகவே பில்லில் கழியும். டிராவல் கார்டில் பாயின்ட் சேரும். அதை வைத்து ஃப்ளைட் டிக்கெட்டோ ஹோட்டல் ரூமோ எடுக்கலாம். ஒரு ரூபாய் என்றைக்கும் ஒரு ரூபாய்தான். ஆனா ஒரு பாயின்ட்டுக்கு என்ன விலை? எங்கே மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஒரு ரூபாயும் ஆகலாம், கால் ரூபாயும் ஆகலாம். அந்த விலையை முடிவு பண்றது பேங்க். நடுவில் மாற்றினாலும் நம்மால் ஒண்ணும் கேட்க முடியாது.

நாம இன்ஜினியரிங் படிச்சவங்க, கணக்கே போட்டுடுவோம். மாசம் 12,000 ரூபாய் கார்டில் செலவுன்னு வெச்சுக்குங்க. வருஷத்துக்கு 1,44,000. சாதாரணமா 1% கேஷ்பேக்னா 1,440 ரூபாய் கையில். டிராவல் கார்டில் 150 ரூபாய்க்கு 2 பாயின்ட்னு எடுத்துக்கிட்டா 1,920 பாயின்ட். நல்ல விலை கிடைச்சு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய்னே வெச்சாலும் 1,920 ரூபாய். ஜெயிச்சாச்சா? இல்ல. ஆண்டுக் கட்டணம் 1,000, அதுக்கு 18% ஜிஎஸ்டி, மொத்தம் 1,180. மிச்சம் 740. அதே பாயின்ட்டைக் கால் ரூபாய்க்கு மாற்றினா 480 தான். அப்போ வருஷத்துக்கு 700 ரூபாய் நஷ்டம்.

"ரெண்டு லட்சம் செலவு பண்ணினா ஃபீஸ் தள்ளுபடிடா"ன்னு உடனே ஒருத்தன் வருவான். 1,180 ரூபாயை மிச்சப்படுத்த 56,000 ரூபாய் கூடுதலா செலவு பண்றவனுக்கு யார் டிகிரி கொடுத்தாங்கன்னு தெரியல.

அடுத்து, எங்கே போகப் போறோம்? எனக்கு ஊர் தென்காசி. எங்க ஊரில் ஏர்போர்ட் கிடையாது. சென்னையிலிருந்து போகணும்னா பொதிகை எக்ஸ்பிரஸ், அது கிடைக்கலைன்னா ஆம்னி பஸ். பொங்கலுக்கு லவுஞ்ச் அக்சஸை வெச்சு என்ன பண்றது? எழும்பூர் பிளாட்பாரத்தில் காட்டினா உட்கார இடம் கொடுப்பாங்களா? நம்ம கிளாஸில் பாதிப் பேர் கதை இதுதான். பறக்காதவனுக்கு மைல் கணக்கு எதுக்கு?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கு, மறைக்கல. ஆன்சைட், கிளையன்ட் விசிட்னு மாசா மாசம் பறக்கிறவங்களுக்கு டிராவல் பாயின்ட் கேஷ்பேக்கைவிட அதிகம் தரும். வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது நிறைய கார்டுகளில் 3.5% வரை கூடுதல் கட்டணம் வரும். சில டிராவல் கார்டுகளில் அது குறைவு. மேல்படிப்புக்கு வெளிநாடு போறவங்களுக்கு அது உண்மையான லாபம். கேஷ்பேக்கும் உத்தமன் இல்ல. விளம்பரத்தில் 5%னு பெரிய எழுத்தில் இருக்கும்; மாசத்துக்கு இவ்வளவுதான்னு உச்சவரம்பு சின்ன எழுத்தில் இருக்கும். பெட்ரோல், வாடகை, வாலெட்டில் பணம் ஏத்துறது, இதுக்கெல்லாம் பல கார்டுகளில் ஒண்ணுமே வராது. நம்ம சம்பளத்தில் பாதி போகப்போறது வாடகைக்குத்தான் என்பதை ஞாபகம் வெச்சுக்குங்க.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் என் பெரியப்பா பையன். பெங்களூரில் வேலை. சேர்ந்த முதல் வருஷமே டிராவல் கார்டு எடுத்தான். மூணு மாசத்துக்கு இவ்வளவு செலவு பண்ணினாதான் லவுஞ்ச்னு கண்டிஷன். அதை எட்ட 40,000 ரூபாய்க்கு போன் வாங்கினான். பில் வந்தப்போ கையில் காசு இல்ல. "மினிமம் டியூ 2,000"னு போட்டிருந்ததைப் பார்த்து, அதைக் கட்டினா போதும்னு நினைச்சுட்டான்.

மீதி 38,000. மாசம் 3.5% வட்டின்னா 1,330. அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்தா ஏறக்குறைய 1,570. மேலே போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்க. ஒரு வருஷம் முழுக்க நாம சேர்க்கிற கேஷ்பேக் 1,440. அவன் ஒரே மாசத்தில் கட்டின வட்டி அதைவிட அதிகம். அதோட, பாக்கி இருக்கிறவரை புதுசா வாங்குறதுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. மறுநாள் வாங்கின மளிகைக்கும் அன்றையிலிருந்தே வட்டி. அதை அடைக்க அவனுக்கு எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசமும் வீட்டுக்குப் பணம் அனுப்பல. சம்பளம் லேட்டாகுதுன்னு பெரியம்மாகிட்ட பொய் சொன்னான்.

போன தீபாவளிக்கு வந்தப்போ என்கிட்ட மட்டும் சொன்னான்: "லவுஞ்சுக்கு ஒரே ஒரு தடவைதான்டா போனேன். ரெண்டு இட்லி சாப்பிட்டேன். அந்த இட்லி எனக்கு என்ன விலை ஆச்சுன்னு கணக்குப் போடவே பயமா இருக்கு." சேர்ந்த பாயின்ட்டுக்கு ஒரு டிராவல் பேக் வாங்கினானாம். அதைத்தான் பஸ்ஸில் எடுத்துட்டு வந்திருந்தான்.

அவன் முட்டாள் இல்ல. எங்க குடும்பத்தில் முதல் இன்ஜினியர் அவன்தான். எங்க அப்பா தலைமுறைக்குக் கடன்னா வாசலில் ஒரு ஆள் வந்து நிற்கிறது. நமக்குக் கடன் ஒரு ஆப், அதுவும் பரிசு கொடுக்கிற ஆப். அதனால அது கடன்னே தோணுறதில்ல.

அதனால கேஷ்பேக்கா டிராவலா என்பது ரெண்டாவது கேள்விதான். பில் வந்த அன்னைக்கு முழுத் தொகையும் கட்ட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முடியாதுன்னா எந்த கார்டும் லாபமில்ல. முடியும்னா சின்ன லிமிட்டில் ஒரு இலவச கார்டு எடுங்க, ஆட்டோ டெபிட்டில் 'டோட்டல் டியூ'வைத் தேர்ந்தெடுங்க. 'மினிமம் டியூ' பக்கமே போகாதீங்க. சேலரி அக்கவுன்ட் திறக்கும்போது கூடவே நீட்டுற ஃபார்மில் படிக்காம சைன் பண்ணாதீங்க. கேட்காம கார்டு கொடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னா ஏழு வேலை நாளில் மூடணும். தாண்டினா நாளுக்கு 500 ரூபாய் அபராதம் பேங்க்தான் நமக்குத் தரணும்.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுக்கணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கும். அந்தப் புடவையை டெபிட் கார்டில் எடுங்க. பாயின்ட் வராது, பரவாயில்ல.