மலிவான அளவுகருவி பொய் சொல்லுமா?

உப்புக் காற்றில் இரும்பு நெடுநாள் தாங்காது. மரக்காணம் உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜினுக்கும் அதே கதிதான், அதைப் பிரித்து மாட்டும் மெக்கானிக்கின் காலிபருக்கும் அதே கதிதான். விலை உயர்ந்த கருவி வாங்க எல்லாப் பட்டறைகளுக்கும் வசதி இருக்காது. "மலிவானது என்றாலே தப்பாகக் காட்டும்" என்கிறார்கள் சிலர். "டிஜிட்டல்தானே, இரண்டு தசமம் காட்டுகிறதே" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியல்ல.

திரையில் 0.01 மி.மீ. வரை எண் ஓடுவது வேறு, அந்த எண் உண்மையாக இருப்பது வேறு. பேர்பெற்ற கம்பெனியின் காலிபரே 0.02 மி.மீ. முன்பின் காட்டலாம். அப்படியானால் மலிவானதை எப்படி நம்புவது?

பதில் உப்பளத்திலேயே இருக்கிறது. உப்புநீரின் அடர்த்தி பார்க்கும் பாமே ஹைட்ரோமீட்டர் வெறும் கண்ணாடிக் குழாய்தான். சுமார் 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்கும். அந்தக் குழாயை நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டால் 0 காட்ட வேண்டும். அளவு தெரிந்த ஒன்றை வைத்துக் கருவியைச் சோதிக்கும் வழி இது.

காலிபருக்கும் இது பொருந்தும். தாடைகளைத் துடைத்து மூடினால் 0 வர வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரியக்கூடாது. அதோடு நிறுத்தக்கூடாது. நல்ல கம்பெனியின் புது 6205 பேரிங் ஒன்று போதும். அதன் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ. சாதாரண ரகத்திலேயே அவை முறையே 0.010, 0.013 மி.மீ.க்கு மேல் குறையக்கூடாது. ஐந்து முறை அளந்து, ஐந்தும் ஒன்றுபோல வருகிறதா என்று பார்க்க வேண்டும். எப்போதும் 0.03 கூடுதலாகவே காட்டும் கருவியை வைத்துக்கூட வேலை பார்க்கலாம், கழித்துக்கொண்டால் சரி. ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று காட்டுவதுதான் ஆபத்து.

வேலையையும் பார்க்க வேண்டும். கிராங்க் பேரிங்குகள் பொதுவாக 0.25 மி.மீ. படிகளில் குறைந்த அளவுகளில் கிடைக்கின்றன. எந்தப் படி என்று கண்டுபிடிக்க மலிவான காலிபரே போதும். ஆனால் கிராங்க் 0.03 தேய்ந்ததா, 0.05 தேய்ந்ததா என்று தீர்மானிக்க அது உதவாது. அதற்கு மைக்ரோமீட்டர்தான் வேண்டும். சிலிண்டர் தேய்மானத்துக்கு போர் கேஜ் வேண்டும்.

தப்பான அளவை நம்பித் தேவையில்லாமல் கிராங்கைக் கடைந்தால் அதன் ஆயுளில் ஒரு படி போச்சு. அந்தச் செலவு மெக்கானிக் தலையில் விழாது, பாத்தி குத்தகைக்காரர் தலையில்தான் விழும். அக்டோபர் மழைக்குள் விளைச்சலை எடுத்தாக வேண்டியவர் அவர். ஆகவே விலை குறைந்த கருவி வாங்குவது குற்றமல்ல. அது எவ்வளவு தவறும் என்று தெரியாமல் அடுத்தவர் என்ஜினில் வைப்பதுதான் குற்றம்.