ஐசியூவில் உங்களுக்காக யார் பேசுவார்? லிவிங் வில் எழுத 60 வயது வரை காத்திருக்காதீங்க!

டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்தாச்சு, பிஎஃப்புக்கு நாமினி போட்டாச்சு, ஹெல்த் பாலிசியும் புதுப்பிச்சாச்சு. ஆனால், நாளை சுயநினைவில்லாமல் ஐசியூவில் இருக்க நேர்ந்தால் உங்கள் சார்பில் டாக்டரிடம் யார் பேசுவார்? பல வீடுகளில் இதற்குப் பதில் கிடையாது.

பதில் இல்லாத வீட்டில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். "வென்டிலேட்டரைத் தொடரலாமா?" என்று டாக்டர் கேட்பார். அண்ணன் ஒன்று சொல்வார், தங்கை வேறொன்று சொல்வார். "போதும்" என்று சொல்பவர் மீது, "காசு பார்த்து அப்பாவை விட்டுட்டான்" என்ற பழி விழும். அதற்குப் பயந்தே, நோயாளி இதை விரும்பியிருக்க மாட்டார் என்று தெரிந்தும் சிகிச்சை நீளும். கடனும் ஏறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

காமன் காஸ் அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கண்ணியத்துடன் இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையே என்று கூறி, லிவிங் வில்லை அங்கீகரித்தது. ஆனால், அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டும் என்ற நிபந்தனை நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதைத் தளர்த்தியது.

இப்போது என்ன செய்ய வேண்டும்?

* 18 வயது நிரம்பிய, தெளிவான மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம்.
* எந்தச் சிகிச்சை, எந்தக் கட்டத்தில் வேண்டாம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.
* உங்களால் பேச முடியாதபோது முடிவெடுக்க, நம்பிக்கையான ஒருவரையோ சிலரையோ பெயர் சொல்லி நியமிக்க வேண்டும்.
* 2 சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும்.
* மனசு மாறினால், எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

"இதைக் காட்டி வயதானவர்களைக் கைவிட்டுடுவாங்களே?"

நியாயமான பயம். ஆனால், ஆவணம் இருப்பதாலேயே யாரும் சிகிச்சையை நிறுத்திவிட முடியாது. குணமாக வாய்ப்பில்லை, நோயாளியால் முடிவெடுக்க இயலவில்லை என்ற நிலையில்தான் அது பேச்சுக்கே வரும். அப்போதும் மருத்துவமனை அமைக்கும் குழு, அதன்பின் இன்னொரு மருத்துவக் குழு என இரண்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் இன்றும் குற்றம்தான். பார்க்கப்போனால், ஆவணம் இல்லாதபோதுதான் நோயாளியின் குரல் அந்த அறையில் கேட்காமலே போகிறது.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆவணத்தின் நகலை உள்ளாட்சி அமைப்பின் அதிகாரி ஒருவர் பாதுகாக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. அந்த அதிகாரி யார் என்று ஒவ்வொரு மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து அலுவலகமும் மக்களுக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரியில் இந்தத் தீர்ப்பை அமல்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது. மற்ற மாநிலங்களும் தாமதிக்கக் கூடாது.

விபத்தும் பக்கவாதமும் வயது பார்த்து வருவதில்லை. அதனால் 28 வயதில் எழுதுவதும் அவசரம் அல்ல. எழுதி பீரோவில் பூட்டினால் மட்டும் போதாது. யார் பெயரைப் போடுகிறீர்களோ, அவரிடம் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். "எனக்கு இது வேண்டாம்" என்று உங்கள் வாயால் அவர் கேட்டிருந்தால்தான், நாளை டாக்டரிடம் தயங்காமல் சொல்ல முடியும்.