செவிலியரைத் தேவதை ஆக்காதீர்கள்

செவிலியர் தினமான மே 12 வந்தால் மருத்துவமனைகளில் ஒரே காட்சிதான். சீருடையில் வரிசையாக நிற்கும் செவிலியர்களின் கைகளில் மெழுகுவர்த்தி. மேடையில் ஒருவர் தாய்மை, தியாகம், தொண்டு என்று அடுக்குவார். கைதட்டல், கேக், குழுப்படம். மறுநாள் காலை அவர்களில் ஒருவர் வழக்கம்போல ஒரு வார்டு முழுவதையும் தனியாகச் சமாளித்துக்கொண்டிருப்பார்.

செவிலியம் மனசு சம்பந்தப்பட்ட வேலை, மூளைக்கு வேலை மருத்துவரிடம்தான் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். பாராட்டின் வடிவில் வருவதால் இதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. செவிலியர்களில் பலரே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் மறுக்கிறேன். இந்த நம்பிக்கை தவறானது மட்டுமில்லை, ஆபத்தானதும்கூட. அதற்கு விலை கொடுப்பவர்கள் மேடையேறிப் பேச முடியாத குழந்தைகள்.

ஐந்து வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒருவனைச் சொல்லவில்லை. பெரிய அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் இவனைப் போன்றவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோனது. அதனால் மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு. சரியாக விழுங்க வராததால் வயிற்றில் குழாய் போட்டு அதன் வழியே உணவு. உள்ளே போனது எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கிவிடுவதால் அடிக்கடி நிமோனியா. இடுப்பு மூட்டு மெல்ல விலகிக்கொண்டு வருகிறது. மாறுகண், மலச்சிக்கல், சொத்தைப் பல். நரம்பியல், இரைப்பை-குடல், எலும்பு, கண், பல், இயன்முறை, பேச்சுப் பயிற்சி என்று ஏழு பிரிவுகள் அவனைப் பார்க்கின்றன.

ஏழுக்கும் ஓ.பி. நாள் வேறு வேறு. அம்மா விடியற்காலை பஸ் பிடித்து, டோக்கன் வாங்கி, ஒவ்வொரு மேசையிலும் பிறந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறாள். "பழைய சீட்டு எங்கம்மா?" என்ற கேள்விக்கு ஒரு கட்டைப் பையையே தூக்கி வைக்கிறாள். ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை, மழையில் நனைந்து மை கலைந்த டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு அதைப் புரட்ட நேரமில்லை. வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள்.

ஏழு பிரிவினரும் கெட்டிக்காரர்கள் என்றே வைத்துக்கொள்வோம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள். அவரவர் சிகிச்சையைச் சரியாகவே எழுதுவார்கள். ஏழு சரிகளையும் கூட்டினால் சில நேரம் விடை தப்பாக வரும். வலிப்புக்கு வால்புரோயேட் எடுக்கும் குழந்தைக்கு, நிமோனியா கடுமையாகிவிட்டதென்று மெரோபெனம் ஊசி போட்டால், ஓரிரு நாளில் ரத்தத்தில் வால்புரோயேட் அளவு சரிந்துவிடும். அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரும். நிமோனியாவைப் பார்த்தவர் செய்ததும் சரி, நரம்பைப் பார்ப்பவர் செய்ததும் சரி. வலிப்பு வந்தது குழந்தைக்கு. ஃபெனிடாயினைக் குழாய் உணவோடு சேர்த்து ஊற்றினால் உடலில் ஏறும் அளவு குறையும். தசை இறுக்கத்துக்கான பாக்லோஃபென் தீர்ந்துபோய், அடுத்த ஓ.பி. நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டென நிறுத்தினால், இறுக்கம் பல மடங்காகத் திரும்புவதோடு வலிப்பும் வரலாம். கீட்டோஜெனிக் உணவுமுறையில் வலிப்பைக் கட்டிவைத்திருக்கும் குழந்தைக்கு, இருமலென்று யாரோ எழுதிய இனிப்பு சிரப் அந்தக் கட்டுப்பாட்டையே கெடுத்துவிடக்கூடும். பாராசிட்டமால் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 250 உள்ள பாட்டிலும் இருக்கிறது. போன தடவை கொடுத்த அதே மூடி அளவை அம்மா இந்தத் தடவையும் கொடுப்பாள். பன்னிரண்டு கிலோ எடைக்குக் கணக்கிட்ட வலிப்பு மருந்து பதினாறு கிலோ ஆன பிறகும் அப்படியே தொடர்வதும் உண்டு.

இவற்றையெல்லாம் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது யார் வேலை? இங்கே யார் வேலையும் இல்லை. சில நாடுகளில் அதற்கென்றே ஒரு செவிலியர் இருக்கிறார். பல நோய்கள் பின்னிக்கிடக்கும் குழந்தைகளுக்கான ஒருங்கிணைப்புச் செவிலியர். ஒவ்வொரு பிரிவுக்கும் போய்வந்த பிறகு மருந்துப் பட்டியலைச் சேர்த்துப் பார்த்து, மோதுவது எது, அளவு மாற வேண்டியது எது என்று டாக்டரை அழைத்துக் கேட்பவர் அவர். மூன்று ஓ.பி.யையும் ஒரு ஸ்கேனையும் ஒரே நாளில் வரவைப்பார். இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு எப்படியும் மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்றால், அதே மயக்கத்தில் சொத்தைப் பல்லையும் எடுத்துவிட முடியுமா என்று இரண்டு பிரிவுகளையும் பேசவைப்பார். அவசரத்தில் எந்த மருத்துவமனைக்கு ஓடினாலும் காட்டுவதற்கு ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பார். தொண்டையில் டிரக்கியாஸ்டமி குழாய் இருக்கும் குழந்தையென்றால், அது அடைத்துக்கொண்டால் முதல் நிமிடத்தில் என்ன செய்வது, மாற்றுக் குழாயோடு அதைவிடச் சிறியது ஒன்றையும் ஏன் எப்போதும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அம்மாவைக் கையால் செய்யவைத்துப் பழக்கிய பிறகே வீட்டுக்கு அனுப்புவார்.

இந்தச் செவிலியர்களின் நாளில் பாதி தொலைபேசியில் போகும். அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சிஸ்டர், நேத்துலேர்ந்து புள்ள ஒரு மாதிரியா இருக்கான்."

"ஒரு மாதிரின்னா எப்படிம்மா? தூங்கிட்டே இருக்கானா, அழுதுட்டே இருக்கானா? குழாய்ல பால் இறங்குதா? சளி நிறம் மாறியிருக்கா? மருந்து எப்ப கடைசியா வாங்கினீங்க, அதே கடையிலயா? பாட்டிலைக் கையில எடுத்து அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

கேட்பவர்களுக்கு ஆறுதல் பேச்சு போலத் தெரியும். ஒவ்வொரு கேள்வியும் ஒரு நோயைப் பட்டியலிலிருந்து நீக்குகிறது அல்லது மேலே கொண்டுவருகிறது. மூளையில் நீர் வடிக்க ஷண்ட் வைத்த குழந்தையாக இருந்து, வாந்தியும் ஓயாத தூக்கமும் சேர்ந்திருந்தால், "நாளைக்கு ஓ.பி.க்கு வாங்க" என்று அவர் சொல்லவே மாட்டார். "இப்பவே 108-க்குப் போன் பண்ணுங்கம்மா" என்பார். இதை முடிவு செய்வது கருணையா? கருணை மட்டும் உள்ளவர், "பயப்படாதீங்கம்மா, சரியாகிடும்" என்று சொல்லியிருப்பார்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2014-ல் வெளியான ஆய்வு அது. கடுமையான நாள்பட்ட நோய்கள் உள்ள 201 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு, தங்கள் குழந்தையை அறிந்த உயர்பயிற்சி பெற்ற செவிலியரையோ மருத்துவரையோ இரவு பகல் எந்நேரமும் கைபேசியில் அழைக்கும் வசதியோடு ஒருங்கிணைந்த சிகிச்சை. நூறு குழந்தைகளுக்கு ஓராண்டு என்ற கணக்கில், கடும் நோய்க்கு ஆளானவர்கள் முதல் பிரிவில் 22, இரண்டாவதில் 10. மருத்துவச் செலவும் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர் குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குழந்தைகளுக்கான மருத்துவச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இத்தகைய குழந்தைகளுக்கே போகிறது என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. தொண்டு என்று சொன்னால் புரியாத நிதித்துறைக்கு இந்த எண்கள் புரியும்.

அம்மா இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று கேட்பார்கள். தன் பிள்ளையை அம்மா அறிந்த அளவு எந்தச் செவிலியரும் அறிய முடியாதுதான். ஆனால் மெரோபெனமும் வால்புரோயேட்டும் மோதும் என்பது பாசத்தால் தெரியவராது. நரம்பியல் டாக்டரை நேரடியாக அழைத்து "இந்த மருந்தை மாற்றலாமா?" என்று கேட்கும் அதிகாரமும் அவளுக்கு இல்லை. இன்று ஒருங்கிணைப்பாளர் வேலையை அவள்தான் செய்கிறாள், பயிற்சி இல்லாமல், சம்பளம் இல்லாமல், பார்த்த வேலையையும் விட்டுவிட்டு. அதைத் தாய்மை என்று பாராட்டி முடித்துக்கொள்கிறோம். செவிலியருக்குச் சூட்டும் அதே மாலைதான் இது.

எல்லாம் கணினியில் ஏறிவிட்டால் சரியாகிவிடும் என்கிறவர்களும் உண்டு. ஏறட்டும், நல்லதுதான். இரவு பதினொரு மணிக்குக் கணினி போனை எடுக்காது.

செவிலியருக்குச் சூட்டும் அந்த மாலைக்குப் பின்னால் நடந்ததையும் பார்ப்போம். 2015-ல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. தேர்வெழுதி வென்று வந்தவர்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் போராட உட்கார்ந்தபோது, சேவை செய்ய வந்தவர்கள் போராடலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2020 மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத் தூவின. அந்தக் கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொள்ளப்பட்டது. மாற்றுப் பணி தருவோம் என்று பிறகு அரசு சொன்னது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அது எங்கே நடக்கிறது என்று உங்கள் ஊர் மருத்துவமனையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

தேவதைக்குச் சம்பள விகிதம் தேவையில்லை. பதவிப் பெயரும் வேண்டாம், ஓய்வு நேரமும் வேண்டாம். அதனால்தான் இந்தப் புகழ்ச்சி நிர்வாகங்களுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மெழுகுவர்த்தி ஏற்றுபவர்கள், தாங்கள் நினைவுகூரும் கைவிளக்கேந்திய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலையாவது முழுதாகத் தெரிந்துகொள்ளலாம். கிரிமியப் போரில் வீரர்கள் காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் அதிகம் செத்தார்கள் என்பதை வட்ட வரைபடமாகப் போட்டு அரசின் முகத்துக்கு நேரே காட்டிய பெண் அவர். லண்டன் புள்ளியியல் கழகம் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண்ணும் அவரே. நாம் அந்த வரைபடத்தை விட்டுவிட்டு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. அர்ப்பணிப்புள்ள செவிலியர் ஒருவரைப் பற்றி நெகிழ்ச்சியாக எழுதும் கட்டுரைகள் பத்திரிகைகளில் வருகின்றன. நானும் அவற்றைப் படித்து நெகிழ்ந்தவன்தான். அப்படிப்பட்டவர்கள் நம் மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். தங்கள் சொந்த எண்ணை அம்மாக்களிடம் கொடுத்து, ஷிப்ட் முடிந்த பிறகும் வேறு பிரிவுக்குப் போய் சீட்டு வாங்கித் தருகிறவர்கள். அந்த ஏற்பாடெல்லாம் அவர்களுக்கு வார்டு மாறும் நாள் வரைக்கும்தான். "முன்ன ஒரு சிஸ்டர் இருந்தாங்க, ரொம்ப நல்லவங்க, இப்ப வேற வார்டுக்கு மாத்திட்டாங்க" என்று அம்மாக்கள் சொல்வதை எந்தக் குழந்தைகள் பிரிவின் வாசலிலும் கேட்கலாம். அவர் மனதில் வைத்திருந்த ஐம்பது குழந்தைகளின் கணக்கு அவரோடு போய்விட்டது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் அவருக்கு மனமிருந்தால்.

அரசுத் திட்டங்களே இல்லை என்றில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் வந்தன. பிறப்புக் குறைபாடும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளைக் கண்டுபிடித்து அனுப்ப இன்று ஒரு வழி இருக்கிறது. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போகும் செவிலியர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், பெரிய மருத்துவமனைக்குள் அந்தப் பையனை ஏழு மேசைகளுக்கிடையே நடத்திச் செல்ல ஆள் இல்லை.

ஆகவே சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டியது இது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலும் ஒருங்கிணைப்புச் செவிலியர் என்ற பதவியை உருவாக்குங்கள். அதற்குத் தனிப் பயிற்சியும் தனிச் சம்பள நிலையும் கொடுங்கள். சுழற்சி முறையில் வார்டு மாற்றாதீர்கள். ஓ.பி. தேதியை மாற்றவும், மருந்துப் பட்டியலைப் பற்றி எந்தத் துறைத் தலைவரிடமும் கேள்வி கேட்கவும் எழுத்துப்பூர்வமான அதிகாரம் கொடுங்கள். அரசு செலவில் ஒரு கைபேசியும், அவர் தூங்கும் நேரத்தில் அதை எடுக்க இன்னொரு செவிலியரும் வேண்டும். இவ்வளவும் ஆணையாக வரட்டும். அதுவரை மே 12 மேடைக்கு அழைப்பு வந்தால், அமைச்சரானாலும் இயக்குநரானாலும் தயவுசெய்து போகாதீர்கள்.