கண்ணளவும் பிழையளவும்

ஒரு தாளில் வரைந்த கோட்டைக் காட்டி, இதன் நீளம் எவ்வளவு இருக்கும் என்று கேட்பதில் கணிதம் எங்கே இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். 2000களின் முற்பகுதியில் இங்கிலாந்தின் பதினைந்து, பதினாறு வயது மாணவர்கள் பலர் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு தங்கள் பள்ளி முழுவதும் அலைந்தார்கள். ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் அப்போது புள்ளியியல் செயல்திட்டம் ஒன்று இருந்தது; மொத்த மதிப்பெண்ணில் 10 விழுக்காடு அதற்கு உரியது. சக மாணவர்கள் ஒரு கோட்டின் நீளத்தையும் ஒரு கோணத்தின் அளவையும் கண்ணால் மட்டும் மதிப்பிடும்போது எவ்வளவு துல்லியமாக மதிப்பிடுகிறார்கள் என்று ஆராய்வது, அதில் மிகப் பரவலாக எடுக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்று.

வழக்கமான கருதுகோள்களை நாம் எளிதில் ஊகித்துவிடலாம். வயது கூடக்கூடக் கண்ணளவு திருந்தும். பையன்களைவிடப் பெண்கள் நன்றாகக் கணிப்பார்கள், அல்லது நேர்மாறாக. கணக்கில் கெட்டிக்காரர்கள் கோட்டையும் சரியாக அளப்பார்கள். பிறகு மாதிரி எடுப்பது, சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், பெட்டிப் படம், குவிவு அலைவெண் வளைவு என்று கருவிகள் ஒவ்வொன்றாக இறங்கும். கருவிகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் கிடைக்கும் என்று நம்பி, கேள்விக்குத் தேவையே இல்லாத படங்களைச் சேர்த்த ஏடுகளும் நிறைய இருந்தன. அது தேர்வுமுறையின் நோய். கேள்வியின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

ஏனெனில் இந்தக் கேள்வி, முதல் அடியிலேயே மாணவனைத் தடுக்கிவிடும் தன்மை கொண்டது. 10 சென்டிமீட்டர் கோட்டை ஒருவன் 7 என்கிறான், மற்றொருத்தி 13 என்கிறாள். சராசரி 10. இருவரும் சேர்ந்து குற்றமற்றவர்கள் ஆகிவிடுகிறார்கள்! துல்லியத்தை அளக்க வேண்டுமென்றால் கூட்டல் கழித்தல் குறியை நீக்கி, பிழையின் பருமனை மட்டும் எடுக்க வேண்டும். ஆனால் குறியை நீக்கிவிட்டால், எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறார்களா என்பது தெரியாமல் போகும். ஆக, இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: ஒரு சாண் கோட்டில் இரண்டு சென்டிமீட்டர் தவறுவதும் ஒரு மேசையின் நீளத்தில் இரண்டு சென்டிமீட்டர் தவறுவதும் ஒரே குற்றமல்ல, எனவே பிழையை விழுக்காட்டில் சொல்ல வேண்டும். போதாக்குறைக்குக் கண்ணின் குறும்பு வேறு. ஒரே நீளமுள்ள இரு கோடுகளில் நின்றிருப்பது படுத்திருப்பதைவிட நீளமாகத் தெரியும். கோட்டை எந்தத் திசையில் வரைந்தோம் என்று எழுதி வைக்காத ஆய்வு, மாணவர்களை அளக்கிறதா தாளை அளக்கிறதா? இத்தனையும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தானே மோதிக் கண்டுபிடிக்கக் கூடியவை என்பதே எங்களுக்கு இதில் பிடித்த விஷயம்.

சராசரி எவ்வளவு அழகாக ஏமாற்றும் என்பதற்கு, புள்ளியியல் வகுப்புகளில் பெயர் பெற்ற ஒரு தரவுத் தொகுப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைக்கிறது. அந்நாடு 1970இல் சட்டம் இயற்றி மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கியது. மீட்டர் அதிகாரபூர்வமாக அறிமுகமான சிறிது காலத்தில், ஒரு விரிவுரைக் கூடத்தில் அமர்ந்திருந்த மாணவர்களிடம் அந்தக் கூடத்தின் அகலத்தை ஊகிக்கச் சொன்னார்கள். 44 பேர் மீட்டரில் சொல்ல வேண்டும். வேறொரு குழுவில் 69 பேர் அதே கூடத்தின் அகலத்தை அடியில் சொல்ல வேண்டும். பேராசிரியர் டி. லூயிஸ் சேகரித்த எண்கள் இவை. உண்மை அகலம் 13.1 மீட்டர், அதாவது 43 அடி.

அடியில் சொன்னவர்களின் சராசரி 43.7. ஏறக்குறைய குறி தவறாத அம்பு. மீட்டரில் சொன்னவர்களின் சராசரி 16.02, உண்மையைவிட 22 விழுக்காடு அதிகம். அளவை எதுவானாலும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக நேரும் வாய்ப்பு, எடுத்துக்கொள்ளும் சோதனையைப் பொறுத்து, நூற்றுக்கு ஒன்று முதல் மூன்றுக்குள்தான் வருகிறது. ஒரே சுவர்கள், ஒரே கூடம். மாறியது அளவையின் பெயர் மட்டுமே. மீட்டர்க் குழுவில் 35, 38, 40 என்று மூன்று விடைகள் இருக்கின்றன. வாய் மீட்டர் என்று சொல்ல, மனம் அடியிலேயே எண்ணிக்கொண்டிருந்ததோ என்று எங்களுக்குச் சந்தேகம். அந்த மூவரின் இழுப்புக்கு ஆட்படாத இடைநிலையை எடுத்துப் பார்த்தாலும் 15 மீட்டர்தான். சாய்வு குறைகிறது, மறையவில்லை. 44 பேரில் 14 பேர் 10 என்றோ 15 என்றோ முழு எண்ணில் ஒதுங்கியிருக்கிறார்கள். தெரியாத மொழியில் பேசுகிறவன் மனப்பாடமான நாலு சொல்லைக் கொண்டே சமாளிப்பது போலத்தான் இது.

கூட்டத்தின் அறிவைப் புகழ்கிறவர்கள் பிரான்சிஸ் கால்ட்டன் 1907இல் எழுதிய எருதுக் கதையைச் சொல்வார்கள். சந்தையில் நூற்றுக்கணக்கானோர் ஊகித்த எடையின் நடுமதிப்பு உண்மைக்கு ஒரு விழுக்காட்டுக்குள் வந்தது. கதை உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் தனக்குப் பழகிய பவுண்டில் ஊகித்தது. பழகாத அளவையைக் கொடுத்தால் கூட்டமும் சேர்ந்தே வழிதவறும் என்பதை அந்த விரிவுரைக் கூடம் காட்டுகிறது. மீட்டர் பள்ளிக்கூடத்தில் படித்தது, அடி உடம்பில் ஊறியது. 1956இல் சட்டம் போட்ட நம் நாட்டிலும் ஆளின் உயரத்தை அடியிலும் பூவை முழத்திலும்தானே சொல்கிறோம்.

அடிக் குழுவையும் சும்மா விட்டுவிடக் கூடாது. சராசரி 43.7 என்றவுடன் அவர்கள் கண் கூர்மையானது என்று முடிவு கட்டத் தோன்றும். சரியாக 43 என்று சொன்னவர்கள் 69 பேரில் இரண்டே பேர். 30 அடி, அதற்கும் கீழே என்றவர்கள் 9 பேர். 60 அடி, அதற்கும் மேலே என்றவர்கள் 7 பேர். ஒருவர் 94 வரை போயிருக்கிறார். இந்தப் பதினாறு பேரும் 30 விழுக்காட்டுக்கு மேல் பிழைத்தவர்கள். ஒருவர் குறையை மற்றவர் மிகை அடைத்துவிட்டது, அவ்வளவுதான். 'இந்த வயதினர் துல்லியமாகக் கணிக்கிறார்கள்' என்ற வாக்கியத்தை இந்தச் சராசரியின் மேல் எழுதுகிறவர், அங்கிருந்த ஒரு தனி மனிதரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. செய்தித்தாள்களில் வயதுவாரியாக, பால்வாரியாக வரும் சராசரிகளை வாசிக்கும்போது இந்தப் பதினாறு பேரை நினைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் அந்தச் செயல்திட்டம் இப்போது இல்லை. இணையத்திலிருந்து நகல் எடுப்பதும் வீட்டில் பெற்றோர் எழுதித் தருவதும் குறித்த கவலைகளின் நடுவே, 2006இல் அறிவிப்பு வந்து, 2007இல் தொடங்கிய பாடத்திட்டத்திலிருந்து ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் அது நீக்கப்பட்டது. கவலை நியாயமானதுதான், விலைக்குக் கிடைக்கும் கருதுகோளால் யாருக்கு என்ன பயன்? ஆனாலும் பெட்டிப் படம் வரையத் தேவையான எண்களை அச்சிட்டே கொடுத்துவிடும் தேர்வுத்தாளில், அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்ற கேள்விக்கு அவ்வளவாக இடமில்லை. கோட்டைப் படுக்கையாக வரைந்தாயா நிறுத்தி வரைந்தாயா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. நகலைத் தடுக்க வேறு வழியும் இருந்தது. செயல்திட்டத்தை வீட்டுக்கு அனுப்பாமல் வகுப்பறைக்குள்ளேயே, ஒரு பிற்பகலில், ஓர் அளவுநாடாவோடு முடித்திருக்கலாம்.

விரும்பும் ஆசிரியர் எந்த ஊரிலும் இன்றும் அதைச் செய்யலாம். வகுப்பைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை அடியிலும் மீதிப் பேரை மீட்டரிலும் அறையின் அகலத்தை எழுதச் சொல்ல வேண்டும். தாளில், பெயரில்லாமல், ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல். வாயால் சொல்லவிட்டால் முதலில் சொன்னவனின் எண்ணைச் சுற்றியே மற்றவர்களும் நிற்பார்கள். எல்லாத் தாள்களும் கைக்கு வந்த பிறகுதான் நாடாவை வெளியே எடுக்க வேண்டும்.