வெறுஞ்சுவர்களும் வளரும் பிள்ளைகளும்

1980களில் யேர்மனிக்கு அகதிகளாக வந்த ஈழத்தமிழர் பலர், விரைவில் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு வாழ்ந்தனர். வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் மனம் இடந்தரவில்லை. அன்றைய நிலையில் அத்தயக்கம் நியாயமானதே. இன்றோ அவ்வீடுகளில் வளர்வோர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு அது தற்காலிகத் தங்குமிடம் அன்று, பிறந்த வீடு. அவ்வீட்டின் சுவர்கள் அவர்களுக்கு என்ன சொல்கின்றன என்பது சிந்தனைக்குரியது.

சுவாமி படம், அரங்கேற்றப் படம், கடை நாட்காட்டி என்பவற்றோடு பல வீடுகளின் சுவர்கள் நிறைவு பெற்றுவிடுகின்றன. இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் "இதை வரைந்தவர் யார்?" என்று பிள்ளை கேட்டால் விடை சொல்வார் இல்லை என்பதே குறை.

இலக்குமி, சரசுவதி படங்களையே எடுத்துக்கொள்ளலாம். இன்று பரவலாகக் காணப்படும் அவ்வடிவங்களுக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் கேரளத்து ஓவியர் இராஜா இரவிவர்மா. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகமே தெய்வ உருவங்களை எளியோர் இல்லங்களுக்கும் கொண்டு சென்றது. அங்கு கையாளப்பட்ட கல்லச்சு முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மியூனிக் நகரில் கண்டறிந்தவர் அலோய்ஸ் செனபெல்டர். பின்னர் அவ்வச்சகத்தை விலைக்கு வாங்கி நடத்தியவரும் பிரிற்ஸ் சிலைகர் என்னும் யேர்மனியரே. "இது அம்மாவின் உலகம், அது பாடசாலையின் உலகம்" என்று பிரித்துப் பார்க்கும் பிள்ளைக்கு, இரண்டும் ஒரே படத்தில் சந்தித்த இவ்வரலாறு எத்துணைப் பயன் தரும்!

யாழ்ப்பாணத்து ஓவிய ஆசான் அ. மாற்குவின் பெயரையும் இளையோர் அறிதல் வேண்டும். ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலொன்று, இடம்பெயர்ந்த மக்கள் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த வரைபடங்களைத் தாங்கியது. காணிப் பதிவேட்டைக் குறிக்கும் 'தோம்பு' என்ற சொல் அதன் பெயரில் அமைந்தமை பொருத்தமானதே.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஊர் வீட்டின் வாசல், கிணறு, முற்றம், மாமரம் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து தருமாறு பேரப்பிள்ளைகள் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கேட்கலாம். அத்தாளைச் சட்டமிட்டு, பிள்ளை வரைந்த ஓவியத்தின் அருகே மாட்டலாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்ரிமீற்றர் உயரத்தில் அமைவது பெரியோர் பார்வைக்கு ஏற்றது. சிறுவர் அறையில் இன்னும் தாழ்வாக இருத்தல் நன்று. நேர் வெயில் படும் சுவரையும், வெப்பமூட்டிக்கு நேர் மேலுள்ள இடத்தையும் தவிர்த்தல் வேண்டும். வழமையான அளவில் துளையிட்டுப் படம் மாட்டுவதை யேர்மனியச் சட்டம் வாடகை வீட்டின் இயல்பான பாவனையாகவே கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் துளையிடாதிருப்பது அயலவர் நட்பைக் காக்கும்.

எப்படத்தை எங்கே மாட்டுவது என்பதைப் பெற்றோர் தனித்து முடிவு செய்யாது, பிள்ளைகளோடு கலந்து பேசுவதே சிறந்தது. அப்பேச்சிலேதான் ஊரின் கதை பிறக்கும். அம்மம்மாவின் கைநடுக்கம் அக்கோட்டில் தெரியலாம். வாசல் கோணலாக அமையலாம். அதனால் குறையேதுமில்லை. வரைந்து தரக்கூடியவர்கள் முதுமை எய்திவிட்டனர் என்பதைக் குடும்பங்கள் மறந்துவிடலாகாது.