ஆழமே பாடமாகும்போது

ஒரு நரம்பு எந்தத் தசைக்குப் பின்னால் போகிறது என்பதைப் படம் பார்த்தே மனப்பாடம் செய்த மருத்துவ மாணவர் தேர்வில் தேறிவிடலாம். அறுவை அரங்கில் அது போதாது. தட்டையான தாளில் முன், பின் என்பது இல்லை. கற்பிக்க வேண்டியதே அந்த முன்னும் பின்னும்தான் என்றால் ஆசிரியர் என்ன செய்வது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த டேவிட் பாசெட் இதற்கு ஒரு வழி கண்டார். சிறுவர்கள் கண்ணில் வைத்து ஊர் பார்க்கும் வியூ-மாஸ்டரைக் கண்டுபிடித்த வில்லியம் குரூபருடன் கைகோத்தார். பாசெட் உடலை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்ட, குரூபர் படமெடுத்தார். 1952 முதல் 1962 வரை வெளியான அவர்களின் தொகுப்பில் 1,500-க்கும் மேற்பட்ட இரட்டைப் படங்கள் உள்ளன. ஒவ்வொரு படத்துக்கும் உறுப்புகளின் பெயர் குறித்த கோட்டோவியமும் விளக்கமும் உண்டு.

அவை ஏன் இரட்டைப் படங்கள்? இரு கண்களும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிய இந்த உண்மைதான் இன்றைய மெய்நிகர் (விஆர்) ஹெட்செட்டுக்கும் அடிப்படை. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புவது புதிதாகச் சேர்ந்த வசதி.

ஆனால் கண் வியப்பதும் மனம் கற்பதும் ஒன்றல்ல. மக்ரான்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகப் பாடத்தை ஹெட்செட்டில் பார்த்த பல்கலைக்கழக மாணவர்கள், அங்கேயே இருப்பதுபோன்ற உணர்வை அதிகம் பெற்றார்கள். ஆனால் கணினித் திரையில் அதே பாடத்தைப் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே கற்றார்கள்.

ஆகவே எந்தப் பாடத்துக்கு ஹெட்செட் தேவை என்பதில் எனக்குக் குழப்பமில்லை. இதயத்தின் அறைகள், புரதத்தின் மடிப்புகள், பாறை அடுக்குகளின் பிளவுகள் என ஆழமே பாடமாக இருக்கும் இடங்களுக்கு அது வேண்டும். ஒப்பந்தச் சட்டத்துக்கு வேண்டாம். தேவையான இடத்திலும் சிறிது நேரம் பார்த்தால் போதும். பிறகு கருவியைக் கழற்றிவிட்டு, கண்டதை மாணவர்கள் வரைய வேண்டும், பெயர் குறிக்க வேண்டும், விவாதிக்க வேண்டும். பாசெட்டின் கோட்டோவியங்கள் செய்த வேலை அதுதான்.

விஆர் ஆய்வகம் அமைக்கத் திட்டமிடும் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: கருவி வாங்கும் முன் பாடத்தை உருவாக்கும் ஆசிரியருக்கு நேரமும் பணமும் ஒதுக்குங்கள். கருவி சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நன்றாக ஆக்கிய பாடம் நிலைக்கும்.